பழைய வண்டிக்கு ஆயில் மாத்துவோம், மண்ணுல ஒரு சொட்டு விடாம

நம்ம இதழில் ஜீவாமிர்தம் பற்றி எழுதியாச்சு, மூடாக்கு பற்றி எழுதியாச்சு. பாரம்பரிய விதை பற்றி எழுதாத மாதமே இல்லை. ஆனால் விளைஞ்சதைச் சந்தைக்குக் கொண்டுபோகிற வண்டியைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. இயற்கை விவசாயம் செய்கிறவர்களில் நிறையப் பேர் தரகர் இல்லாமல் நேரடியாக விற்கிறவர்கள். அதற்கு வண்டி வேண்டும். புது வண்டி வாங்கக் கையில் காசு இருக்காது. பத்துப் பதினைந்து வருஷம் ஓடின பிக்கப் ஒன்றை வாங்கி, எலுமிச்சம்பழம் வைத்து, மாலை போட்டு எடுப்போம். அதோடு சரி. அப்புறம் டீசல் போடுவோமே தவிர, வேறு எதையும் திறந்து பார்க்க மாட்டோம்.

நான் வங்கியில் வேலை பார்த்து ரிடையர் ஆனவன். வாகனக் கடன் கோப்புகள் நிறைய என் மேசைக்கு வந்திருக்கின்றன. வாராக்கடன் ஆனவற்றில் பலவற்றின் கதையை விசாரித்தால், தவணை தவறுவதற்கு ஆறு மாசம் முன்னாலேயே அந்த வண்டிக்கு ஆயில் தவறியிருக்கும். ஆயில் இல்லாமல் இன்ஜின் சீஸ் ஆகும். வண்டி நின்றால் வாடகை நிற்கும், வாடகை நின்றால் தவணை நிற்கும். ஜப்திக்குப் போன வண்டிகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு வந்த பழக்கம், வண்டிக்கென்று தனியாக ஒரு பேரேடு வைப்பது. ஆயில் மாற்றிய தேதி, கிலோமீட்டர், ஊற்றிய அளவு, செலவு, அடுத்த தேதி என்று ஐந்து கட்டம். அவ்வளவுதான்.

இப்போது என்னிடம் இருப்பது 2008 மாடல் மஹிந்திரா பிக்கப். சரக்கு வண்டி என்பதால் வருஷா வருஷம் எப்.சி. எடுக்க வேண்டும். என் தோட்டம் தாமிரபரணிக் கரையில், முக்காணிப் பக்கம். வாழையும் கொஞ்சம் கீரையும் காய்கறியும். வாரத்தில் மூன்று நாள் பழையகாயல், முள்ளக்காடு வழியாகத் தூத்துக்குடிக்குப் போகிறேன். மாசம் ஒரு தடவை தேரிக்காட்டுப் பக்கம் போய் ஆட்டு எரு ஏற்றி வருகிறேன்.

நம்ம கரையில் வண்டிக்கு மூன்று எதிரி

உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்தினுடையது. நான் போகிற ரோட்டின் ரெண்டு பக்கமும் உப்பளம்தான். கடல் காற்றில் உப்பு, ரோட்டில் உப்பு லாரி சிந்திய உப்பு. இது ஒரு எதிரி. இரும்பை அரிக்கும்.

ரெண்டாவது தேரி மண். சிவப்பாகப் பார்க்க அழகு. ஆனால் அதில் இருப்பது கடினமான மணல் துகள். ஆனி, ஆடிக் காற்றில் அது வண்டியின் மூக்கு வழியாக உள்ளே போனால் சிலிண்டரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போலத் தேய்த்துவிடும்.

மூன்றாவது நிலத்தடி நீர். கடலோரத்தில் பல போர்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உவர். அதை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே உப்புப் படியும், அலுமினியம் அரிக்கும்.

கம்பெனி தருகிற கையேட்டில் சாதாரண ஓட்டத்துக்கு ஒரு அட்டவணையும், தூசி, பாரம், கடுமையான ஓட்டத்துக்குச் சீக்கிரமே மாற்றச் சொல்லும் குறிப்பும் இருக்கும். நமக்குப் பொருந்துவது ரெண்டாவதுதான். நம்ம ஊர் தோணிக்காரர்களுக்கு இது புதிதல்ல. தோணியைக் கரையேற்றி, பலகை இடுக்கில் பஞ்சு திணித்துச் சரிபார்த்த பிறகே கடலில் இறக்குவார்கள். தண்ணீர் உள்ளே வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் இருக்க மாட்டார்கள்.

இன்ஜின் ஆயில்

நான் 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாசம், இதில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுகிறேன். "வண்டி ஓடவே இல்லையே, எதுக்கு மாத்தணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. தோட்டத்துக்கும் கடைக்கும் மட்டும் போய்வருகிற வண்டியில் இன்ஜின் முழுச் சூடு ஏறாது. உள்ளே உண்டாகும் ஈரமும் அமிலமும் ஆயிலிலேயே தங்கிவிடும். கொஞ்சமாக ஓடுகிற வண்டிக்குத்தான் மாசக் கணக்கு முக்கியம்.

பழைய டீசல் இன்ஜினுக்குப் பெரும்பாலும் 15டபிள்யூ-40 ஆயில். உங்கள் கையேட்டில் என்ன இருக்கிறதோ அதையே வாங்குங்கள். பெட்ரோல் வண்டிக்கு உரியதா, டீசலுக்கு உரியதா என்று டின்னில் பாருங்கள். மாற்றும் முறை:

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பத்து நிமிஷம் ஓடவிட்டு அணையுங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால்தான் அழுக்கோடு சேர்ந்து இறங்கும். கொதிக்கிற சூட்டில் கை வைக்க வேண்டாம். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. பிக்கப்பில் தூக்காமலே கை எட்டும். தூக்கித்தான் ஆகணும் என்றால் இரும்பு ஸ்டாண்டு கொடுத்த பிறகு போங்கள்.

அடியில் ஒரு தார்ப்பாய், அதன் மேல் அகலமான பேசின். பிறகு டிரெயின் நட்டைக் கழற்றுங்கள். முழுசாக வடிய அரை மணி நேரம் விடுங்கள். நட்டைத் திரும்பப் போடும்போது புது வாஷர். ஆயில் பில்டரையும் கூடவே மாற்ற வேண்டும். புது பில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவி, கையாலேயே முடுக்குங்கள். ரப்பர் தொட்ட பிறகு முக்கால் சுற்று வழக்கம், டப்பா மேல் எழுதியிருக்கும். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் அடுத்த தடவை கழற்ற வராது.

புது ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அளவுக் கம்பியில் ரெண்டு கோட்டுக்கு நடுவில் வருகிறதா என்று பாருங்கள். ரெண்டு நிமிஷம் ஓடவிட்டு அணைத்து, பத்து நிமிஷம் கழித்துத் திரும்பப் பாருங்கள். பில்டர் நிறைந்ததால் அளவு கொஞ்சம் இறங்கியிருக்கும். மேல் கோட்டைத் தாண்ட விடாதீர்கள். கூடினாலும் கெடுதல்தான்.

டீசல் வண்டியில் புது ஆயில் சில நாளிலேயே கருத்துவிடும். எங்க மெக்கானிக் தம்பி சொல்வார்: "அண்ணாச்சி, ஆயில் கருத்துப் போச்சேன்னு பயப்படாதீங்க. கரியெல்லாம் கழுவிட்டு வருதுன்னு அர்த்தம். வெள்ளையா மோர் மாதிரி வந்தாத்தான் பயப்படணும்." மோர் மாதிரி வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஏர் பில்டர், டீசல் பில்டர்

ஆடி மாசம் தேரிப் பக்கம் போய்வந்தால், அந்த வாரமே ஏர் பில்டரைத் திறந்து பார்த்துவிடுகிறேன். காகித பில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. உள்ளே இருந்து வெளியே வரும்படி மெதுவாகக் காற்று அடிக்கலாம். ஓட்டை தெரிந்தால் மாற்றிவிடணும். பழைய ஜீப்புகளில் ஆயில் கிண்ணம் வைத்த ஏர் பில்டர் இருக்கும். அதில் மண் சேறு போலத் தங்கினால் கிண்ணத்தைத் துடைத்துப் புது ஆயில் ஊற்றுங்கள்.

டீசல் பில்டருக்குக் கீழே தண்ணீர் இறக்குகிற திருகு இருக்கும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். பாதி காலியான டேங்கில் இரவில் அது நீராகப் படியும். மாசம் ஒரு தடவை அந்தத் திருகைத் தளர்த்தி, ஒரு சின்ன டப்பாவில் பிடியுங்கள். சாயங்காலமே டேங்கை நிரப்பி நிறுத்துவது நல்ல பழக்கம்.

கூலண்ட்

ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகு துணி போட்டுத் திறங்கள். கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. பேட்டரி கடையில் கிடைக்கிற தண்ணீர்தான். போர்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதும். கலந்தே விற்கிற கூலண்டும் உண்டு, அதில் தண்ணீர் சேர்க்க வேண்டியதில்லை.

மாடு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. பெரும்பாலான கூலண்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். இது இனிப்பாக இருக்கும். கன்றுக்குட்டியோ நாயோ நக்கினால், உடம்புக்குள் அது அமிலமாக மாறிச் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரை எடுக்கும். பழைய கூலண்டைத் திறந்த பாத்திரத்தில் ஒரு இரவுகூட விட்டுவைக்காதீர்கள். தொழுவத்துக்குப் பக்கத்தில் இந்த வேலையே வேண்டாம்.

பிரேக் ஆயில்

பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தைத் தானாக இழுத்துக்கொள்ளும். டாட் 3 வகைப் புது ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம். நூற்றுக்கு நாலு பங்குகூட இல்லாத ஈரம் சேர்ந்தால் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4 என்றால் 230-லிருந்து 155. பாரம் ஏற்றிய வண்டியில் துறைமுகத்து லாரிகளுக்கு நடுவே அடிக்கடி பிரேக் போடுகிறோம். அந்தச் சூட்டில் ஆயில் கொதித்து ஆவி உண்டானால், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். வண்டி நிற்காது.

அதனால் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். மூடியில் எந்த வகை எழுதியிருக்கிறதோ அதுதான். இன்ஜின் ஆயிலை ஒரு சொட்டுக்கூட அதில் கலக்கக் கூடாது, ரப்பர் ஊதிப்போகும். காற்று எடுக்கிற வேலைக்கு ரெண்டு ஆள் வேண்டும். செய்து பழகாதவர்கள் இதை மெக்கானிக்கிடமே விடுங்கள். நான் அப்படித்தான். பக்கத்தில் நின்று பார்ப்பேன், தேதியை எழுதிக்கொள்வேன்.

கியர் ஆயில், கிரவுன் ஆயில்: 2023 வெள்ளம் கற்றுத் தந்தது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்ம மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. தாமிரபரணி பொங்கி ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர், முக்காணி எல்லாம் தண்ணீருக்குள் போயின. வடிந்த பிறகு ஆளாளுக்கு வண்டியைக் கிளப்பிப் பார்த்தார்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால், ஸ்டார்ட் செய்த நொடியில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முங்கிய வண்டியைச் சாவி போடாமல், பேட்டரி ஒயரைக் கழற்றி, கட்டி இழுத்துப் போவதுதான் முறை.

இன்ஜின் தப்பித்த வண்டிகளிலும் பலர் கவனிக்காமல் விட்டது கியர்பாக்ஸும் பின் அச்சின் கிரவுனும். அவற்றுக்கு மூச்சு விட ஒரு சின்னத் துவாரம் உண்டு. சூடான அச்சு திடீரென்று தண்ணீரில் முங்கினால், உள்ளே இருக்கிற காற்று சுருங்கி அதன் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். வெளியே எதுவும் தெரியாது. சில மாசம் கழித்து பேரிங் ஊளையிடும்போதுதான் தெரியும். முழங்கால் ஆழத் தண்ணீரில் வண்டி நின்றிருந்தாலே கிரவுன் ஆயிலைச் சோதித்துவிடுங்கள்.

இதில் ஒரு சின்ன சூட்சுமம். முதலில் ஆயில் ஊற்றுகிற நட்டைக் கழற்றிப் பாருங்கள், அப்புறம்தான் வடிக்கிற நட்டு. உப்புக் காற்றில் மேல் நட்டு இறுகிப்போயிருக்கலாம். ஆயிலை வடித்துவிட்டு ஊற்ற வழியில்லாமல் நின்றால் வண்டி அங்கேயே கிடக்க வேண்டியதுதான். பல வண்டிகளில் வடிக்கிற நட்டில் காந்தம் இருக்கும். அதில் மாவு போல இரும்புத் தூள் இருந்தால் சாதாரணம். பல் உடைந்த துண்டு இருந்தால் மெக்கானிக் பார்க்கணும். பெரும்பாலான வண்டிகளில், ஊற்றுகிற துவாரத்தின் விளிம்பு வரை வந்தால் அளவு சரி. கியர்பாக்ஸுக்கும் கிரவுனுக்கும் ஒரே ஆயில் என்று நினைக்க வேண்டாம். கிரவுனுக்கு உரிய ஜிஎல்-5 ஆயில் சில பழைய கியர்பாக்ஸில் உள்ள பித்தளை வளையத்தை அரிக்கும். அவற்றுக்கு ஜிஎல்-4. கையேட்டைப் பார்த்து வாங்குங்கள்.

கிரீஸும் அடிப்பாகமும்

புரொப்பல்லர் சாப்ட்டின் கிராஸ், கட்டுப் பட்டை ஷேக்கிள், இவற்றில் நிப்பிள் இருந்தால் மாசம் ஒரு தடவை கிரீஸ் கன் வையுங்கள். பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி, புதுசு எட்டிப் பார்க்கும் வரை அடிக்கணும். பிதுங்கினதைத் துணியில் துடைத்து எடுங்கள். உப்பளம், கடற்கரைப் பக்கம் போய்வந்தால் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். மேலே பளபளவென்று துடைத்துவிட்டு அடியை மறக்கிறவர்கள்தான் அதிகம். துரு பிடிப்பதோ அடியில்.

துருவுக்கு மருந்து என்று சேசிஸில் பழைய கருப்பு ஆயிலை அடிக்கிற பழக்கம் நம்ம பக்கம் இருக்கிறது. அது போகிற வழியெல்லாம் சொட்டும். தோட்டத்துக்குள் நிறுத்தினால் தோட்டத்தில் சொட்டும். அதற்கென்று அண்டர்பாடி பெயிண்ட் விற்கிறது. துருவைச் சுரண்டி, காயவைத்து, அதை அடியுங்கள்.

கருப்பு ஆயில் எங்கே போகிறது?

இதுவரை எழுதினது எல்லா வண்டிக்காரர்களுக்கும். இனி எழுதுவது இயற்கை விவசாயிக்கு.

வடித்த ஆயிலை என்ன செய்கிறோம்? வேலிக் கம்பத்தில் கரையானுக்குப் பூசுகிறார்கள். வரப்பில் களை கருக ஊற்றுகிறார்கள். புழுதி அடங்க வழியில் தெளிக்கிறார்கள். ஒன்றும் இல்லை என்றால் ஓடையில் ஊற்றுகிறார்கள். ரசாயன உரம் ஒரு பிடி போட மாட்டேன் என்கிறவர் தோட்டத்திலும் இந்தக் கம்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்ஜினில் ஓடிய ஆயில் வெறும் எண்ணெய் இல்லை. தேய்ந்த உலோகத் தூள், ஆயிலில் சேர்த்த துத்தநாக மருந்து, எரிபொருள் எரியும்போது உண்டாகிற புற்றுநோய் தரும் கரிமச் சேர்மங்கள் எல்லாம் அதில் உண்டு. ஊற்றிய இடத்தில் மண்ணின் துளை அடைபட்டு, காற்றும் நீரும் இறங்காது. மண்புழு அந்தப் பக்கம் வராது. ஒரு தடவை ஆயில் மாற்றினால் வரும் கழிவே பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கப் போதும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது.

எனக்கு அது புத்தகச் செய்தி இல்லை. அந்த டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு என் கிணற்றை எட்டிப் பார்த்தால், தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம். எங்கோ மேற்கே ஒரு ஷெட்டில் திறந்த டின்களில் வைத்திருந்த கழிவு ஆயில் வெள்ளத்தோடு வந்திருக்கிறது. யாருடையது என்று தேடி ஆகப்போவது ஒன்றும் இல்லை. வைக்கோலைக் கயிற்றில் கட்டி இறக்கி, படலத்தை ஒற்றி ஒற்றி எடுத்தோம். ஐந்து நாள் ஆனது. அந்தப் பருவம் முழுக்க அந்தக் கிணற்றிலிருந்து கீரைக்குத் தண்ணீர் பாய்ச்சவில்லை. பங்கேற்புச் சான்றுக்காக எங்கள் குழு தோட்டம் பார்க்க வந்தபோது, நடந்ததைச் சொல்லி, அந்தப் பாத்தியை அந்த வருஷம் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுத்தேன். வருமானம் போனது உண்மை. வாடிக்கையாளர் என்னை நம்பி வாங்குகிற கீரை அது.

ஆறு பொங்கினால் மேட்டுத் தோட்டம், பள்ளத் தோட்டம் என்று வித்தியாசம் கிடையாது. நம்ம ஆறு புன்னக்காயலில் கடலில் சேர்கிறது. கொற்கை, பழையகாயல் என்று முத்தால் பெயர்பெற்ற கரை இது. 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் சிப்பியும் சங்கும் இறாலும் இன்னும் இந்தத் தண்ணீரில்தான் வாழ்கின்றன. சிப்பி தண்ணீரை வடிகட்டித்தான் சாப்பிடும். ஓடையில் ஊற்றுகிற ஆயிலை அதுதான் முதலில் குடிக்கிறது.

சட்டமும் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளில் கழிவு ஆயில் அபாயக் கழிவாகப் பட்டியலில் உள்ளது. 2024 ஏப்ரல் 1 முதல், ஆயில் தயாரிக்கிற, இறக்குமதி செய்கிற நிறுவனங்கள் கழிவு ஆயில் மறுசுழற்சிக்குப் போவதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்திருக்கிறது. முறையாகச் சுத்திகரித்தால் அது திரும்பவும் ஆயிலாகும்.

நாங்கள் செய்வது

எங்கள் பக்கம் வண்டி, டிராக்டர், டீசல் மோட்டார் வைத்திருக்கிற ஆறு பேர் சேர்ந்து ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம்.

வடித்த ஆயிலை அது வந்த டின்னிலேயே புனல் வைத்து ஊற்றி, மூடி போட்டு, மேலே பெயர் எழுதுகிறோம். கூலண்ட், பிரேக் ஆயில், டீசல் எதையும் அதில் கலப்பதில்லை. கலந்தால் சுத்திகரிக்க எடுக்க மாட்டார்கள். கூலண்டுக்கும் பிரேக் ஆயிலுக்கும் தனித்தனி டின்.

பழைய பில்டரை ஒரு இரவு கவிழ்த்து வைத்து முழுக்க வடிக்கிறோம். சிந்தினால் மரத்தூள் போட்டு ஒற்றி, அதையும் துணியையும் ஒரு மூடிய டப்பாவில் சேர்க்கிறோம். குப்பைக்குழியிலோ உரக்குழியிலோ போடுவதில்லை.

டின்கள் எல்லாம் ஒருவர் வீட்டு மேட்டுத் திண்ணையில், வெள்ளம் எட்டாத உயரத்தில், பூட்டிய பெட்டிக்குள் இருக்கின்றன. வருஷத்துக்கு ரெண்டு தடவை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கு ஆயில் கொடுக்கிற ஒர்க்ஷாப்பில் மொத்தமாகச் சேர்க்கிறோம். கொடுக்கும் முன் "இது எங்கே போகுது, ரசீது உண்டா?" என்று கேட்கிறோம். செங்கல் சூளைக்குப் போகிறது என்று பதில் வந்தால் அங்கே கொடுப்பதில்லை.

வேலிக் கம்பத்துக்கு, மண்ணுக்குள் போகிற பகுதியைத் தீயில் கருக்கி நடுகிறோம். தாத்தா காலத்து முறைதான்.

சுவரில் ஒட்டிக்கொள்ள

வாரம் ஒரு தடவை: இன்ஜின் ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில் அளவு, டயர் காற்று. நிறுத்திய இடத்தில் தரையில் சொட்டு இருக்கிறதா?

மாசம் ஒரு தடவை: கிரீஸ், டீசல் பில்டர் தண்ணீர், ஏர் பில்டர், பேட்டரி முனையில் உப்புப் பூப்பு, அடிப்பாகம் கழுவுதல்.

ஆறு மாசம் அல்லது 5,000 கிலோமீட்டர்: இன்ஜின் ஆயில், ஆயில் பில்டர்.

வருஷம் ஒரு தடவை, எப்.சி.க்கு முன்னால்: டீசல் பில்டர், பிரேக் ஷூ, கியர் ஆயில், கிரவுன் ஆயில் சோதனை, துரு, பெயிண்ட்.

ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை: கூலண்ட், பிரேக் ஆயில்.

வெள்ளத்தில் நின்றால்: தேதி பார்க்காமல் எல்லா ஆயிலையும் சோதித்து, மோர் நிறம் தெரிந்தால் மாற்றுதல்.

உங்கள் ஊரில் கழிவு ஆயிலை யார் எடுக்கிறார்கள், எப்படிச் சேர்க்கிறீர்கள் என்று இதழுக்கு எழுதுங்கள். அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சேகரிப்பு இடம் முடிவு செய்துவிட்டால், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் நம்ம டின்கள் எல்லாம் மேடேறிவிடும்.